மூச்சு மாற்றும் இடம்

அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே குழாய் வேலை என்று மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் கேலி பேசுவார்கள். கணவர் பிளம்பர். மனைவி நகரத்து இசைக்குழுவில் ஓபோ வாசிப்பவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு நீளப் பால்கனி. முன் அறையில் பாதியைக் கணவரின் அக்காவுடைய தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஜன்னலோரமாக ஒரு மேசை. அதன்மேல் நாணல் துண்டுகள், சிவப்பு நூல்கண்டு, சவரக்கத்தி போலத் தீட்டிய சின்னக் கத்தி, ஒரு டம்ளர் தண்ணீர்.

ஓபோ ஒன்றரை முழம்கூட இல்லாத கறுப்பு மரக் குழல். அதன் வாயில் செருகுகிற சீவாளிதான் அதற்கு உயிர். நாணலை மெல்லிசாகச் சீவி இரண்டு இதழாகக் கட்டிய சீவாளி. இதழ்களுக்கு நடுவே ஒரு நெல்மணி நுழையாது. மொத்த மூச்சையும் அதற்குள்தான் செலுத்த வேண்டும். வாங்கின மூச்சில் முக்கால்வாசி நெஞ்சிலேயே தங்கிவிடும். மற்ற வாத்தியம் ஊதுகிறவர்கள் மூச்சு பத்தாமல் திணறுவார்கள். ஓபோக்காரர்கள் மூச்சு மிஞ்சித் திணறுவார்கள். பழைய காற்றை வெளியே தள்ளினால்தான் புதுக் காற்றுக்கு இடம். காலையில் அவள் சீவாளி சீவுகிற சரசரப்பும் நாத்தனாருடைய மெஷின் சத்தமும் ஒன்றாகத்தான் ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் எரிச்சல். இவளுக்கு நாணல் ஊறிப் பெருத்துவிடும், அவளுக்குத் துணி காயாது.

அவள் ஓபோவைத் தேடிப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியம் கொடுத்த நாளன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். மறுநாள் போனபோது அலமாரியில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு இசைக் கல்லூரி, ஏழு வருஷம் யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் கூப்பிடுகிற மாற்று வேலை, கல்யாணம், ஒரு மகள். முப்பத்து நான்கு வயதில், வாசிப்பது யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று வாசித்த தேர்வில், குழுவின் முதல் ஓபோ என்கிற முதல் நாற்காலி கிடைத்தது. கச்சேரி தொடங்குமுன் மொத்தக் குழுவும் அவள் ஊதுகிற ஒரு சுரத்துக்குத்தான் சுருதி சேர்க்கும். அதனால் அவளுக்கு அங்கே 'சுருதியம்மா' என்று பெயர் விழுந்தது.

செவ்வாயும் வெள்ளியும் இசைப்பள்ளியில் பாடம் நடத்துவாள். புத்தகத்தில் இருந்த பயிற்சிகள் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரவழைத்ததால், பஸ்ஸில் போகும்போதே அரைப்பக்கம் அரைப்பக்கமாகச் சொந்தமாக எழுத ஆரம்பித்தாள். அப்படித்தான் அவள் இசை எழுதுகிறவளானது. அரைப்பக்கம் பத்துப் பக்கமாயிற்று. நாற்பத்தாறாவது வயதில், ஓபோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக இருபத்திரண்டு நிமிஷம் ஓடுகிற ஒன்றை எழுதி முடித்தாள். வீட்டில் அதற்குப் 'பெரிசு' என்று பெயர். "பெரிசு எந்த அளவுல நிக்குது?" என்று கணவர் சாப்பிடும்போது விசாரிப்பார். குழு அதை எடுத்துக்கொண்டது. கச்சேரிக்குத் தேதியும் குறித்தாயிற்று. தனி ஓபோ அவளேதான்.

கச்சேரிக்கு நாத்தனார் கறுப்பு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தாள், கழுத்தை ஒட்டி நிற்கிற உயரக் காலர் வைத்து. ஒரு வியாழக்கிழமை காலை, நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி அளவு பார்த்தாள்.

"அசையாம நில்லு. குண்டூசி குத்தினா அப்புறம் என்னைச் சொல்லாதே."

"நிக்கிறேன் அண்ணி."

"ஞாயித்துக்கிழமை இந்தப் பொத்தான் ஒழுங்கா மாட்டுச்சு. இன்னைக்கு எட்டவே மாட்டேங்குது. நாலு நாள்ல கழுத்து பெருக்குமா என்ன?" காலரை இழுத்துப் பார்த்த நாத்தனாரின் விரல் இடது காதுக்குக் கீழே போய் நின்றது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "இது என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததா கைக்குத் தட்டுப்படுது? திரும்பு. வெளிச்சத்துக்கு வா."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மூன்று வாரமாகவே இருக்கிறது என்றாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறாள். உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றாராம். ஸ்கேனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது.

"கட்டின்னா எடுத்துடலாமே. ஊர்ல எத்தனை பேர் எடுத்துக்கிட்டு நல்லா இருக்காங்க."

"எடுக்கலாம் அண்ணி. ஆனா முகத்துக்குப் போற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுதாம். அதுல கத்தி பட்டா ஒரு பக்கம் உதடு தொங்கிடலாம்னார். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு."

உதடு தொங்கினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீவாளியைக் கவ்வ இரண்டு உதடும் வேண்டும். உதடு போனால் வாசிப்பு போயிற்று. வாசித்துக் காட்டாமல் பாடம் நடத்தவும் முடியாது.

மத்தியானம் கணவர் முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு சாப்பிட வந்தார். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பாதாளக் குழாய் உடைந்துவிட்டதாம். நாத்தனார் தட்டில் உருளைக்கிழங்கையும் முட்டையையும் வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவர் கையிலெடுத்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"மூணு வாரமா?"

"கச்சேரி முடியட்டும்னு..."

"தலை போற காரியத்துல கச்சேரி என்ன கச்சேரி?"

"ஏங்க, சத்தம் போடாதீங்க. பொண்ணு உள்ள படிக்கிறா."

"போடத்தான் செய்வேன். எவனோ வீட்டுக் குழாய் சொட்டுன்னு ஒழுகினா நேரம் காலம் பார்க்காம ஓடறேன். என் வீட்ல மூணு வாரமா ஒழுகுது, எனக்குச் சேதி இல்ல. என்னை என்னன்னு நெனச்சே?"

"பயந்தேங்க" என்றாள். "உங்ககிட்ட சொல்லிட்டா அது நெஜமாயிடும்னு தோணுச்சு."

அவர் கோபம் அதோடு இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஈரக் காலுறையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. மகளுக்குப் பதினைந்து வயது. அம்மா வாசிக்கத் தொடங்கினாலே கதவைப் படீரென்று சாத்துகிறவள். அன்றைக்கு அவளாகவே வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அம்மாவை அழவைத்தது.

குழுவில் இரண்டாவது ஓபோ வாசிப்பவர் அவளைவிட இரண்டு வயது மூத்தவர். அவள் தேர்வுக்கு வந்த நாளில் அவர் அங்கே ஏற்கெனவே ஆறு வருஷம் பழையவர். முதல் நாற்காலி அவருக்குத்தான் என்று காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். திரையை விலக்கியபோது நின்றது அவள். அதன்பின் பன்னிரண்டு வருஷம் ஒரு சாண் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "வணக்கம் மேடம்", "நீங்க பக்கம் திருப்புங்க, நான் பார்த்துக்கறேன்", "போயிட்டு வர்றேன்". இதைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை. அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை.

பெரிசை வேறு யாரும் அந்த நாளுக்குள் வாசித்துத் தேற முடியாது. இவரால் முடியும். நான்கு நாள் விடுமுறை முடிந்து ஒத்திகை தொடங்கிய திங்கட்கிழமை அவள் சீக்கிரமே போனாள். வாத்தியங்கள் வைக்கும் அறையில் அவர் தனியாக உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இசைத்தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இதை நீங்க பார்த்து வைக்கணும். எனக்கு வாசிக்க முடியாமப் போகலாம்."

அவர் தேநீரை ஓரமாக நகர்த்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் விரல்கள் மேசைமேல் அசைந்தன. இரண்டாம் பகுதியில் ஓர் இடம் உண்டு. ஒன்றேமுக்கால் நிமிஷம் எங்கும் அறுபடாமல் ஒரே இழையாக ஓடுகிற இடம். அங்கே வந்ததும் விரல்கள் நின்றன.

"இதுல மூச்சு எங்க வாங்கறது?"

"மூக்கு வழியா. கன்னத்துல காத்தை அடைச்சு வெச்சு, அதைத் தள்ளிக்கிட்டே உள்ள இழுக்கணும். ஆறு மாசமா பழகினேன்."

"உங்களுக்கு என்ன? கையா?"

"கன்னம்" என்று தொட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் அவரிடம் அத்தனையும் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இப்ப ஒண்ணையும் காணோமே."

"இன்னைக்குக் கொறஞ்சிருக்கு."

"நாலு நாளா வீட்ல ஊதினீங்களா?"

"எங்க ஊதறது? தொடவே மனசு வரல."

"போன புதன்கிழமை இருந்துச்சு. அதுக்கு முந்தின திங்கக்கிழமை காலைல இல்ல, சாயங்காலம் இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், பன்னெண்டு வருஷமா உங்க இடது கன்னத்தைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அது எப்ப எப்படி இருக்கும்னு உங்க வீட்டுக்காரரைவிட எனக்குத் தெரியும்." அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "ஒரு சந்தேகம் கேக்கறேன். கட்டின்னா அது லீவு நாள்ல லீவு போடுமா?"

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சின்ன வயசுல நான் ஒரு பேண்டுல இருந்தேன். அங்க டிரம்பட்காரர் ஒருத்தர். ஊதி முடிச்சா காதுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்ச மாதிரி எழும்பும். தூங்கி எழுந்தா இருக்காது. அவர் பேரே 'எலுமிச்சை'ன்னு ஆயிடுச்சு. கட்டியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. உங்களுக்கும் அதுதான்னு நான் சொல்லல, நான் டாக்டர் இல்ல. ஆனா ஊதறவங்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. முகவரி எழுதித் தர்றேன். வாத்தியத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

முகவரித் தாளை வாங்கிக்கொண்டவள் இசைத்தாளை எடுக்காமல் நின்றாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? இதை வாசிக்க உங்களுக்கு ஆசை இல்லையா?"

"இல்லாம என்ன? முதல் நாற்காலிக்காக ஆறு வருஷம் காத்திருந்தவன் நான். ஆனா ஒருத்தங்க வாய் கோணிப்போய் எனக்கு இடம் கிடைக்கணும்னு என்னைக்கும் நெனச்சதில்ல. அவ்வளவு கெட்டவன் இல்ல மேடம்." தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ஆறிப்போச்சு" என்றார்.

மறுநாள் காலை விடாத மழை. கணவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்து, பஸ் மாறி, அந்த டாக்டரம்மாவின் அறை முன்னால் ஈரச் செருப்புகளோடு உட்கார்ந்தார்கள். வாத்தியப் பெட்டி அவள் மடியில் இருந்தது. அவர் எதிர்ச்சுவரில் ஓடிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூட்டு சரியா போடல" என்றார்.

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்."

"வேற எதைப் பார்க்கச் சொல்றே?"

டாக்டரம்மா நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். கேள்விகள் சுருக்கமாக வந்தன. வலி இருக்கிறதா, காய்ச்சல் வந்ததா, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "எது கஷ்டமான இடமோ அதையே வாசிங்க" என்றார்.

அந்தச் சின்ன அறையில், மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவே, அவள் பெரிசின் நீள இழையை வாசித்தாள். வெளியே இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை. நிறுத்தியபோது கணவருக்கே தெரிந்தது: இடது காதுக்குக் கீழே மெத்தென்று எழும்பி நின்றது. அவர் முகம் வெளிறிவிட்டது.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு வீங்கிய இடத்தில் விரலை வைத்தார். "கறகறங்குதா? உங்களுக்கே கேக்குதா?"

"கேக்குது."

"வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம்." காதுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக விரலை அழுத்தி மெதுவாக நகர்த்தினார். இன்னொரு கையில் சின்ன விளக்கு. "சார், நீங்க இங்க வந்து பாருங்க. மேல் கடைவாய்ப்பல்லுக்கு நேரா, கன்னத்து உள்பக்கம்."

அவர் குனிந்து பார்த்தார். மனைவியின் கன்னத்து உள்புறத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை. அதிலிருந்து எச்சில் நுரைத்து, முத்து முத்தாகக் குமிழி விட்டது. விரல் நகர நகர வீக்கம் அடங்கியது.

"என்னது இது?"

"காத்து."

"காத்தா?"

"வெறும் காத்து. அந்தச் சுரப்பியிலேருந்து எச்சில் வாய்க்கு வர ஒரு குழாய் இருக்கு. இவங்க கன்னத்தை உப்பி அழுத்தம் கொடுத்து ஊதறாங்க இல்லையா, அந்த அழுத்தத்துல காத்து அந்தக் குழாய் வழியா பின்னால ஏறிப்போய் உக்காந்துக்குது."

கணவர் நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம். "எதிர்ப்பக்கம் ஏறாம தடுக்கற வால்வு இருக்குமே, அது தாங்கல."

"அதேதான்" என்று டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "இத்தனை லேசா இதுவரைக்கும் யாருக்கும் புரிஞ்சதில்ல. இருந்தாலும் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

மூன்று மணிக்குப் படம் வந்தது. சுரப்பிக்குள் கறுப்புக் கறுப்பாகக் காற்றுப் பொட்டுகள். கட்டி என்று எதுவும் இல்லை. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "திரும்பத் திரும்ப ஆனா கிருமி சேர்ந்து புண்ணாயிடும். அதனால பத்து நாள் ஊதக் கூடாது. தண்ணி நிறையக் குடிங்க. அப்புறம் வழக்கம்போல வாசிக்கலாம். ஆனா கன்னத்தை உப்பி அடைச்சு ஊதற வேலை மட்டும் இனிமே கூடாது."

"பதிமூணு நாள்ல கச்சேரி இருக்கு டாக்டர்."

"அப்ப மூணு நாள் மிச்சம் இருக்கே."

வெளியே வந்ததும் அவருக்குக் குடை விரியவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "காத்துக்கா... மூணு வாரம் வெறும் காத்துக்கா..." என்று ஆரம்பித்தவர் ஈரக் குடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவளுக்கோ சிரிப்பு. ஆறு மாசம் மெனக்கெட்டுப் பழகிய வித்தை. அவளே எழுதி, அவளே மாட்டிக்கொண்ட ஒன்றேமுக்கால் நிமிஷம். எல்லோரும் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று எழுதியது! சிரிப்பு அடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எதிரிலிருந்த கடையில் சூடாகப் பன் வாங்கி நின்றபடியே தின்றார்கள். அவர் நான்கு தின்றார். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் நாத்தனார் கதையை முழுக்கக் கேட்டாள். "காத்தா? வாத்தியத்தை வாயில வெச்சுக்கிட்டுக் காதுக்கா ஊதினே?" என்று திட்டியபடியே உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மகள் அன்று இரண்டு தடவை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பத்து நாளில் ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. நீள இழையை என்ன செய்வது? மூச்சு வாங்க நடுவில் இடம் விட்டு எழுதிப் பார்த்தாள். நல்ல துணியில் கத்தரி வைத்த மாதிரி இருந்தது. குறைத்துப் பார்த்தாள். எதற்காக எழுதினோமோ அதுவே போயிற்று. நான்காம் நாள் இரண்டாவது ஓபோக்காரருக்கு போன் செய்தாள். அவர் வாத்தியத்தோடு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. நாத்தனார் தையல் துணிகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"சார், இதை ரெண்டு பேரா வாசிச்சா என்ன?"

"மாத்தி மாத்தியா?"

"ஆமா. நான் விடற எடத்துல நீங்க பிடிக்கணும். நீங்க விடற எடத்துல நான். கேக்கறவங்களுக்குக் கை மாறினதே தெரியக் கூடாது."

அவர் யோசித்தார். "முடியும். ஆனா சீவாளி ஒரே குரல்ல பேசணும். என்னோடது கொஞ்சம் முரடு. உங்களோடது சன்னம்."

"ரெண்டையும் நானே கட்டறேன். ஒரே நாணல்ல."

ஒரு நாணல் குழாயை நீளவாக்கில் பிளந்தால் மூன்று துண்டு வரும். ஊதத்தான் கூடாது, சீவக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் ஒன்றைத் தனக்கும் ஒன்றை அவருக்கும் சீவினாள். மூன்றாவது விரிசல் விட்டுவிட்டது. ஊதிப் பார்க்கிற வேலை அவருடையது. "இன்னும் ஒரு நூல் அளவு எடுங்க. போதும் போதும், அதுக்கு மேல போனா செத்துடும்." அவர் வாசிக்க, அவள் பென்சிலால் குறிக்க, மூச்சு மாற்றும் இடங்கள் ஒவ்வொன்றாக முடிவாயின. மொத்தம் ஏழு. நடுவில் கணவர் வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் வாசலிலேயே நின்று கேட்டார். தாளின் முகப்பில் 'ஓபோ' என்று இருந்ததை அடித்துவிட்டு 'இரண்டு ஓபோ' என்று அவள் எழுதினாள். பக்கத்திலிருந்த ஓபோக்காரர் அதைப் பார்த்தார். வாத்தியத்தைக் கழற்றித் துணிவிட்டுத் துடைத்தார், ரொம்ப நேரம்.

கச்சேரி நாளில் மழை விட்டிருந்தது. அரங்கில் காலியிடம் பத்துப் பன்னிரண்டுதான். காலர் பொத்தான் சிரமமில்லாமல் மாட்டியது. முன்வரிசைக்குப் பின்னால் வீட்டார் மூன்று பேரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கணவருடைய நகங்களை அவ்வளவு சுத்தமாக யாரும் பார்த்ததில்லை. கையசைத்துக் குழுவை நடத்தும் நடத்துநருக்கு இரண்டு பக்கமும் அவளும் அவரும் எழுந்து நின்றார்கள்.

முதல் பகுதி நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் பகுதியில் தந்திகள் தாழ்ந்து வழிவிட, அவள் இழையைத் தொடங்கினாள். கன்னத்தை உப்பாமல், உதடு மட்டும் கவ்வி, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாள். குறித்த இடத்தில் அதே சுரத்தில் அவர் சேர்ந்துகொண்டார். அவள் விலகினாள். தையல் தெரியவில்லை. மறுபடி அவள், மறுபடி அவர்.

ஐந்தாவது இடத்தில் இழை அவரிடம் போனது. அவள் நெஞ்சில் நின்ற பழைய காற்றை வெளியே விட்டாள். புதுக் காற்றை வாங்கினாள். அதன்பிறகும் நேரம் மிச்சமிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய எதையும் கச்சேரியில் சும்மா நின்று கேட்டதில்லை. எப்போதும் விரலும் உதடும் மூச்சுமாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது வாத்தியம் கையில் தொங்க, அந்த இசை அவள் உதவியில்லாமல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை நடந்து போவதைக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்று தோன்றியது. யார் எழுதியதோ என்பதுபோல வாய் லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள்.

அவள் முறை வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். நடத்துநரின் கை தயங்கியது. தந்திகள் பின்தங்கிக் காத்திருந்தன. அவர் புருவம் வியர்க்க, இருந்த மூச்சின் அடிமண்டி வரைக்கும் இழுத்து, தன் பங்கின் கடைசிச் சுரத்தை அப்படியே பிடித்து நிறுத்தியிருந்தார். முகம் சிவந்துவிட்டது. கண்ணில் மட்டும், அவள் என்றைக்கும் பார்த்திராத ஒரு சிரிப்பு.

அவள் திடுக்கிட்டு வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அதே சுரத்தில் வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் விட்டார்.